வன்னி இருளில் வெடித்த நட்சத்திரங்களின் பட்டியல்: ஐந்து இரவுக் குறிப்பு

முதல் நாள்: வவுனிக்குளம்

மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பி மல்லாவிப் பக்கம் போனால் றோட்டில் பாதி நெல்லுக்குத்தான். மாசி மாதம், காலபோக அறுவடை முடியும் நேரம். தாரில் படங்கு விரித்து நெல் காய்கிறது. லென்ஸ் பெட்டியைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டாமல் இந்த வழியால் வரக்கூடாது. உமித்தூசு வடிகட்டிக் கண்ணாடியில் ஒட்டினால் ஊதிப் போக்க முடியாது, துடைத்தால் கீறும்.

வந்த வேலை இது. நமது பால்வீதியில் வெடித்த நட்சத்திரங்களின் எச்சங்களுக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிறீன் 1984 முதல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். முதற் பதிப்பில் 145 எச்சங்கள். 2006 இல் 265, 2014 இல் 294, 2024 இல் 310. ஒவ்வொரு எச்சத்துக்கும் ஒரு வரி. பால்வீதி ஆள்கூறுதான் பெயர்: ஜி184.6−5.8 என்றால் நெட்டாங்கு 184.6 பாகை, அகலாங்கு −5.8 பாகை. அது நண்டு நெபுலா. பெயருக்குப் பிறகு வான ஆள்கூறு, வில்கலையில் (பாகையின் அறுபதில் ஒன்று) அளவு, வகை, 1 கிகாஹேர்ட்சில் வானொலிப் பாயம் (நம்மை வந்தடையும் வானொலி அலையின் வலு), நிறமாலைச் சுட்டெண், வேறு பெயர்கள். இந்தப் பட்டியலின் சில வரிகளை எடுத்து, வன்னி வானத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் திட்டம்.

சாமான்: 135 மில்லிமீற்றர் லென்ஸ், குளிரூட்டும் கறுப்பு வெள்ளைக் கமரா (படப்புள்ளி 3.76 மைக்ரோன்), ஐதரசன்-ஆல்பா (ஐதரசனின் சிவப்புக் கோடு), கந்தகம், ஒட்சிசன் வடிகட்டிகள் மூன்றும் 7 நானோமீற்றர் அகலத்தில், அகன்ற சிவப்பு வடிகட்டி ஒன்று, வானம் சுழல்வதோடு கமராவைத் திருப்பும் சிறிய நடுவரைத் தாங்கி, 12.8 வோல்ற் 30 அம்பியர்-மணி லிதியம் பற்றரி. கமரா 20 வாட், தாங்கி 10, பனி வெப்பப்பட்டி 4. ஆறு மணி நேரத்துக்கு 204 வாட்-மணி. பற்றரியில் 384 இருக்கிறது. லப்ரொப்பை இதில் கொழுவ வேண்டாம், அதற்கு அதன் சொந்தப் பற்றரி போதும்.

இந்த லென்சுக்கு ஒரு படப்புள்ளி 5.7 வில்விகலை, படம் முழுவதும் ஏறக்குறைய 10 பாகைக்கு 6.7 பாகை.

இங்கே முதல் தொல்லை துருவ நட்சத்திரம், தாங்கியின் அச்சை அதன் பக்கம்தான் நோக்க வைக்க வேண்டும். வவுனிக்குளம் 9 பாகை வடக்கில் கிடக்கிறது, ஆகவே துருவ நட்சத்திரமும் தொடுவானத்திலிருந்து 9 பாகைதான். ஒரு பனை வரிசை போதும் மறைக்க. பனை இல்லாவிட்டால் வயலில் எரியும் வைக்கோற் புகை மறைக்கும். வடக்கே தண்ணீரோ வெட்டவெளியோ உள்ள இடத்தைப் பகலிலேயே திசைகாட்டியோடு பார்த்து வைக்க வேண்டும். நட்சத்திரம் தெரியாத இடத்தில் நகர்வு முறை: நடுவானுக்கு அருகே தெற்கில் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துத் திசையைத் திருத்துவது, பிறகு கிழக்கில் தாழ்வான ஒன்றைப் பார்த்து உயரத்தைத் திருத்துவது. அரை மணி நேரம் போகும்.

அடுத்தது முக்காலி. தாங்கியின் அச்சு இங்கே கிட்டத்தட்டப் படுத்துக் கிடப்பதால் எதிர்எடைத் தண்டு நேரே கீழே தொங்கும். ஒரு கால் வடக்கே இருந்தால் எடை அதில் இடிக்கும், மோட்டார் பல் வழுக்கும். ஐரோப்பாவில் எழுதிய கைநூல்கள் வடக்குக் காலைத்தான் சொல்லும், ஏனென்றால் அங்கே அச்சு நிமிர்ந்து நிற்கிறது. நாம் ஒரு காலைத் தெற்கே வைத்து, மற்ற இரண்டுக்கும் இடையில் எடை ஆட விட வேண்டும். 20 சென்ரிமீற்றர் நீட்டுக் குழாய் ஒன்றைத் தலைக்குக் கீழே போட்டால் இன்னும் பத்திரம்.

நண்டு நெபுலா இரவு எட்டு மணியளவில் வடக்கே 77 பாகை உயரத்தில் உச்சம் கடக்கிறது. பட்டியல் அளவு 7×5 வில்கலை, நமது படத்தில் 73க்கு 52 புள்ளி. சின்னப் பொட்டு. ஆனால் 60 வினாடிப் படம் ஒன்றிலேயே பளிச்சென்று நிற்கும். 1054 இல் சீனர் பதிந்த வெடிப்பின் மிச்சம் இது. வகை 'நிரம்பியது', அதாவது ஓடு இல்லை. நடுவில் வினாடிக்கு 30 தடவை சுழலும் துடிப்பு விண்மீன் உள்ளிருந்தே ஊட்டிக்கொண்டிருக்கிறது. பட்டியலில் ஐந்தில் நான்கு ஓட்டு வகை. நண்டு எல்லாருக்கும் தெரிந்த எச்சம், ஆனால் மற்ற எச்சங்களுக்கு மாதிரி அல்ல.

இரண்டாம் நாள்: முத்தையன்கட்டு

ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் பாதை. பேராற்றை மறித்துக் கட்டிய குளம். இரவில் நிற்கப் போவதைக் கிராம சேவகரிடமும் குளத்துப் பொறுப்பாளரிடமும் பகலிலேயே சொல்லி விடுங்கள். ரோந்து வந்து கேட்டால் அதுவே பதில். குளக்கட்டையும் பாவனையில் உள்ள பாதையையும் விட்டு இறங்க வேண்டாம். சிவப்பு மிதிவெடிப் பலகை இல்லாத பற்றையையும் நம்பக்கூடாது, பலகையை விறகுக்குப் பிடுங்கிய இடங்கள் உண்டு. யானைக்கு ஒரே ஏற்பாடு, வாகனத்தின் மூக்கு றோட்டைப் பார்த்திருக்க வேண்டும். கேபிள்கள் ஒரே இழுப்பில் கழர வேண்டும்.

இன்றைய இரை மொனோசெரோஸ் வளையம், ஜி205.5+0.5. அளவு 220 வில்கலை, ஏழு முழுநிலா அகலம். ஒன்பது மணிக்கு ஏறக்குறைய உச்சந்தலையில். அதன் தெற்கு ஓரத்தில் ரோசெற் நெபுலா ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று வெடித்த எச்சம், மற்றது இளம் நட்சத்திரங்கள் அயனாக்கிய ஐதரசன் முகில். ஒரே சட்டத்துக்குள் இரண்டும் விழுவதால், எச்சத்தை முகிலிலிருந்து பிரித்தறியப் பழக இதைவிட நல்ல இடம் வானத்தில் இல்லை.

ஒளிப்படத்தில் பிரிக்கும் சோதனை கந்தகத்துக்கும் ஐதரசனுக்கும் உள்ள விகிதம். அதிர்ச்சி அலை கடந்த வாயு குளிரும்போது கந்தகம் ஒரு இலத்திரனை மட்டும் இழந்த நிலையில் நிறைய இருக்கும், 671.6, 673.1 நானோமீற்றர் கோடுகளில் ஒளிரும். ரோசெற் போன்ற முகிலில் சூடான நட்சத்திரங்களின் புறஊதா ஒளி இரண்டாவது இலத்திரனையும் பிடுங்கி விடுவதால் அந்தக் கோடுகள் மங்கும். கந்தகம் ÷ ஐதரசன்-ஆல்பா 0.4 ஐத் தாண்டினால் எச்சம் என்பது 1970களிலிருந்து வழக்கிலுள்ள எல்லை.

செய்முறையில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். முதலாவது, லென்ஸை எஃப்/2 இல் திறந்து வைத்து ஒடுங்கிய வடிகட்டி போடுவது. ஓரத்துக் கதிர் 14 பாகை சரிந்து வடிகட்டிக்குள் நுழைவதால் அதன் சாளரம் நாலைந்து நானோமீற்றர் நீலப் பக்கம் நகர்ந்து விடும். 7 நானோமீற்றர் சாளரம் நடுவிலிருந்து இருபுறமும் 3.5 தான், ஆகவே கோடு வெளியே விழும். எஃப்/4 க்கு மூடினால் நகர்வு 1.3 அளவுக்குக் குறையும். ஒளி நாலில் ஒன்றாகும், நேரத்தால் ஈடு செய்ய வேண்டியதுதான்: ஐதரசனுக்கு 300 வினாடிப் படங்கள் 24, கந்தகத்துக்கு 36. ஓரிரவில் முடியாது.

இரண்டாவது, 7 நானோமீற்றர் ஐதரசன் வடிகட்டி 654.8, 658.3 இல் உள்ள நைதரசன் கோடுகளையும் சேர்த்து விழுங்கும். அதனால் கிடைக்கும் விகிதம் உண்மையை விடக் குறைவு. 0.4 ஐக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்காமல், ஒரே படத்தில் ரோசெற்றோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, அளவுத் திருத்தம். இரண்டு வடிகட்டியிலும் நிரம்பாத 30 நட்சத்திரங்களை அளந்து, அவற்றின் சராசரி சமமாகும்படி ஒரு படத்தைப் பெருக்க வேண்டும். பிறகு நெபுலா இல்லாத மூலையிலிருந்து வானப் பின்னணியைக் கழிக்க வேண்டும். அகன்ற சிவப்புப் படத்தைத் தகுந்த அளவில் கழித்தால் நட்சத்திரங்கள் போய்விடும். கடைசியில்தான் வகுத்தல், அதுவும் ஐதரசன் சமிக்ஞை இரைச்சலின் 5 மடங்குக்கு மேல் உள்ள புள்ளிகளில் மட்டும். இந்த வரம்பை விட்டு விட்டால் இரைச்சலை இரைச்சலால் வகுத்த படம் வரும், மூலையில் ஒரு புது 'எச்சம்' முளைக்கும். புதிதாகக் கண்டுபிடித்தோம் என்று சந்தோசப்படுகிறவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது இதுதான்.

இந்த ஓரிரவின் படங்களை மட்டும் வைத்துப் பார்த்தாலே விகிதப் படத்தில் ரோசெற் அணைந்து போகிறது. வடகிழக்கே நூல் நூலாகக் கிடக்கும் இழைகள் மட்டும் மிஞ்சுகின்றன.

மூன்றாம் நாள்: ஒட்டுசுட்டான்

சிவராத்திரி. தான்தோன்றீஸ்வரர் கோயிலில் நாலு சாமப் பூசை, வீதி முழுக்க மின்குமிழ். மேலே மெல்லிய முகில் வேறு. இன்றைக்குக் கமரா வெளியே எடுக்கவில்லை. பிளேன்ரீயும் கடலையும் வைத்துக்கொண்டு பட்டியலின் எண்களைக் கணக்குப் பார்க்க நல்ல இரவு.

ஒரு வரி பட்டியலில் ஏற வானொலி அலையில் 'வெப்பமற்ற' ஒளிர்வு காட்ட வேண்டும். காந்தப் புலத்தில் சுழலும் வேகமான இலத்திரன்களின் அலை, அதிர்வெண் கூடக் கூட மங்கும். எவ்வளவு விரைவில் மங்குகிறது என்பதுதான் நிறமாலைச் சுட்டெண். பப்பிஸ்-ஏ வரியை எடுங்கள்: 1 கிகாஹேர்ட்சில் 130 ஜான்ஸ்கி (பாயத்தின் அலகு), சுட்டெண் 0.5. இதே பொருள் 408 மெகாஹேர்ட்சில் 203 ஜான்ஸ்கி காட்டும். ரோசெற் போன்ற வெப்ப முகிலாயிருந்தால் சுட்டெண் 0.1, அப்போது 142 தான். வித்தியாசம் தெளிவு.

ஆனால் இரண்டு அளவீட்டிலும் 10 வீதப் பிழை இருந்தால் சுட்டெண்ணில் 0.16 பிழை வரும். 1.4, 1.7 கிகாஹேர்ட்ஸ் என்று பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்களை எடுத்தால் அதே பிழை 0.7 ஆகி எதையும் சொல்லாது. ஆகவே அதிர்வெண்கள் தூரத் தூர இருக்க வேண்டும். இன்னொரு பொறி: பல கிண்ணங்கள் சேர்ந்த தொலைநோக்கி கிண்ணங்களுக்கிடையே உள்ள மிகக் குறுகிய இடைவெளி அனுமதிக்கும் கோணத்தை விடப் பரந்த ஒளிர்வைப் பிடிக்காது. புனேக்கு வடக்கே 45 மீற்றர்க் கிண்ணங்கள் 30 உள்ள ஜீஎம்ஆர்ரீ ஆனாலும் அப்படித்தான். உயர் அதிர்வெண்ணில் பெரிய எச்சத்தின் பாயம் காணாமற் போய், சுட்டெண் பொய்யாகச் செங்குத்தாகும். அகச்சிவப்புப் படம் இங்கே கை கொடுக்கும். வெப்ப முகில் 24 மைக்ரோனில் தூசியால் ஒளிரும், எச்சம் அவ்வளவாக ஒளிராது.

பட்டியலில் ஏறியதெல்லாம் நிலைக்காது என்பதற்கு ஓஏ 184 ஒரு சாட்சி. பல காலம் எச்சமாக எண்ணப்பட்ட இந்த ஜி166.2+2.5 வெறும் ஐதரசன் முகில் என்று 2006 இல் காட்டப்பட்டு நீக்கப்பட்டது.

இனி மேற்பரப்பு ஒளிர்வு. பாயத்தை அளவின் வர்க்கத்தால் வகுத்து 1.505×10⁻¹⁹ ஆல் பெருக்கினால் போதும் (பாயம் ஜான்ஸ்கியில், அளவு வில்கலையில்). நண்டு: 1040 ÷ 35, அதாவது 4.5×10⁻¹⁸. பப்பிஸ்-ஏ: 130 ÷ 3000, 6.5×10⁻²¹. மொனோசெரோஸ்: 140 ÷ 48400, 4.4×10⁻²². நண்டை விட மொனோசெரோஸ் பத்தாயிரம் மடங்கு மங்கல். கிறீன் தன் பட்டியல் ஓரளவுக்காவது முழுமையானது என்று கொள்ளும் எல்லை 10⁻²⁰ அளவு. அதற்குக் கீழே உள்ளவை தற்செயலாக அகப்பட்டவை: நம் சூழலில் கிடந்தவை, பால்வீதித் தளத்தின் சந்தடிக்கு வெளியே கிடந்தவை, யாராவது குறிப்பாகத் தேடிப் போனவை.

ஆகவே 310 என்பது பால்வீதியின் எண் அல்ல, தேடியவர்களின் கண்ணுக்குரிய எண். நூறு ஆண்டுக்கு இரண்டு வெடிப்பு, ஓர் எச்சம் 50,000 ஆண்டு தெரியும் என்று எடுத்தாலே 1000 வர வேண்டும். எஞ்சியவை இரண்டு பக்கமும் ஒளிந்திருக்கின்றன. பெரிதாகி மங்கியவை ஒரு பக்கம்: 2021 இல் ஈரோசிற்றா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி கண்ட 'ஹோயிங்கா' 4.4 பாகை அகலம், பால்வீதித் தளத்துக்கு 24 பாகை மேலே. அங்கே ஒருவரும் தேடவில்லை. சின்னவை மறு பக்கம்: ஜி1.9+0.3 வெறும் 1.5 வில்கலை. 1985 இல் எடுத்த வானொலிப் படத்தையும் 2007 இன் சந்திரா எக்ஸ்-கதிர்ப் படத்தையும் ஒப்பிட்டபோது அது விரிந்திருந்தது. நூற்றைம்பது வயதுகூட இல்லாத குழந்தை என்று 2008 இல் அறிவித்தார்கள். வெடித்தது விக்ரோறியா மகாராணி காலத்தில், தூசி மறைத்ததால் ஒருவரும் பார்க்கவில்லை.

நான்காம் நாள்: இரணைமடு

குளக்கட்டு வடக்கில், தண்ணீர் தெற்கில். கிளிநொச்சியின் மஞ்சள் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால். வேலா எச்சத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஜி263.9−3.3, இரவு பத்தே முக்காலுக்குப் பிறகு தெற்கே 35 பாகை உயரத்தில் உச்சம். இலண்டனிலிருந்து இது எழவே எழாது. வடக்கத்தையார் கனவு காணும் பொருள் எங்களுக்குக் குளத்துக்கு மேலே.

தண்ணீர் அருகே நின்றால் பனி பிடிக்கும். வெப்பப்பட்டி கடையில் வாங்கத் தேவையில்லை. 470 ஓம், அரை வாட் தடையிகள் 12 ஐச் சமாந்தரமாகப் பற்றாசு வைத்து இணைத்து, துணி நாடாவில் தைத்து, லென்ஸின் முன்விளிம்பைச் சுற்றிக் கட்டினால் 12 வோல்ற்றில் 3.7 வாட். ஒவ்வொன்றிலும் 0.3 வாட் தான், பற்றரி 13.8 வோல்ற் காட்டினாலும் 0.4 அளவுதான். 330 ஓம் போட்டுச் செய்தவர்களின் நாடா கருகும். இருட்டின உடனேயே போட வேண்டும். பனி படிந்த பிறகு போட்டால் காய்வதற்குள் ஒரு மணி நேரப் படம் போய்விடும், அதுவும் தெரியாமல் போகும்: நட்சத்திரங்கள் மெல்ல மெல்லப் பஞ்சாகும். பத்துப் படத்துக்கு ஒரு தடவை பெருப்பித்துப் பாருங்கள்.

வேலா வரியில் அளவு 255 வில்கலை, அதாவது 4 பாகைக்குக் கொஞ்சம் மேல். எக்ஸ்-கதிரில் பார்த்தவர்கள் 8 பாகை என்பார்கள். இரண்டும் பொய் இல்லை, எந்த அலையில் எங்கே ஓரம் மங்கிப் பின்னணியோடு கலக்கிறது என்பதுதான் கேள்வி. ஐதரசன் படத்தில் இந்த ஓரம் இன்னும் மோசம், ஏனென்றால் முப்பது பாகைக்கு மேல் பரந்த கம் நெபுலா அதே திசையில் விரிந்து கிடக்கிறது. எந்த இழை எதற்குச் சொந்தம் என்று ஐதரசனில் சொல்ல முடியாது. ஒட்சிசன் வடிகட்டி, 500.7 நானோமீற்றர், போட்டதும் கம் பின்வாங்குகிறது. கூர்மையான நூல்கள் நிற்கின்றன.

கிழக்கு ஓரத்தில் தனித்துக் கிடக்கும் ஒரு கோடு, என்ஜிசி 2736. பென்சில் நெபுலா என்பார்கள். ஜோன் ஹேர்ஷல் 1835 இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து பதிந்தது. 300 வினாடி ஒட்சிசன் படம் ஒன்றைத் திரையில் முழு அளவுக்கு இழுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் கத்தி விளிம்பு போலக் கூர், மறு பக்கம் புகைந்து மங்கல். அதிர்ச்சி அலையை விளிம்போரமாகப் பார்க்கிறோம்.

இதே சட்டத்தின் வடமேற்கில் பப்பிஸ்-ஏ. பார்வைக்கு வேலாவுக்குள் செருகியது போல இருந்தாலும் அது நாலு மடங்குக்கும் மேல் தூரம், வேலா ஏறக்குறைய 950 ஒளியாண்டு. மூன்றாவதும் இங்கேதான்: வேலா ஜூனியர், ஜி266.2−1.2, 1998 வரை ஒருவருக்கும் தெரியாது, எக்ஸ்-கதிரில்தான் பிரிந்தது. நமது படத்தில் அதற்கு ஒரு தடயமும் இல்லை. மூன்று எச்சம் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும் இடத்தில் பாயத்தைப் பங்கு பிரிப்பது எப்படியிருக்கும் என்று காணி உறுதி பார்த்தவர்களுக்கு விளங்கும்.

நள்ளிரவுக்குப் பிறகு தென்மேற்கில் வைக்கோற் புகை. ஒட்சிசன் படங்கள் முதலில் கெடும், பச்சை ஒளி சிவப்பை விடக் கூடச் சிதறும். அப்படியான நேரத்தில் கந்தகத்துக்கு மாறிவிட வேண்டும்.

ஐந்தாம் நாள்: முல்லைத்தீவுக் கரை

அதிகாலை மூன்றரைக்குக் கரையில். கிழக்கே படகு வெளிச்சங்கள், அவற்றின் பக்கம் லென்ஸைத் திருப்பாமல் நேர் தெற்கே. ஐந்து மணிக்கு எஸ்என் 1006 (எஸ்என் என்றால் சுப்பர்நோவா, நட்சத்திர வெடிப்பு) உச்சத்தை அண்டுகிறது, 38 பாகை. பட்டியலில் ஜி327.6+14.6, 30 வில்கலை, 19 ஜான்ஸ்கி.

1006 இல் வெடித்தது. பதிவில் உள்ள எல்லாவற்றிலும் பிரகாசமான வெடிப்பு இதுதான். சுவிற்சர்லாந்தின் சென்ற் கோல் மடத்திலும் எழுதி வைத்தார்கள், அங்கே அது தெற்குத் தொடுவானத்திலிருந்து 4, 5 பாகைதான் ஏறியது. அப்போது தஞ்சையில் ராஜராஜன் ஆட்சி, ஈழத்தின் வடபகுதியும் சோழர் கையில். பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதைக் கணக்கிட்டால் அந்த ஆண்டில் இந்தக் கரைக்கு அது 42 பாகை உயரத்தில் நின்றிருக்க வேண்டும். தென்னை உயரம்.

எங்கள் படத்தில் ஒன்றுமில்லை. ஐதரசனில் 300 வினாடிப் படம் 12 சேர்த்தும் இல்லை. வடமேற்கு ஓரத்தில் ஒரே ஒரு மெல்லிய இழைதான் இதற்கு ஒளியில் ஓரளவு தெளிவாக உண்டு, அதுவும் கந்தகம் இல்லாத வெறும் ஐதரசன்: வாயு குளிர்வதற்கு இன்னும் நேரம் போதவில்லை. இரண்டாம் நாள் சொன்ன 0.4 சோதனையை இதற்கு வைத்தால் இது எச்சமே இல்லை என்று தீர்ப்பு வரும். இளம் எச்சங்களுக்கு அந்தச் சோதனை செல்லாது.

ஐந்தே காலுக்குக் கிழக்கு வெளுக்கத் தொடங்கும். தென்கிழக்கே கெப்ளரின் 1604 எச்சம் 40 பாகை அளவில் நிற்கிறது, பட்டியல் அளவு 3 வில்கலை, நமக்கு 31 புள்ளி. நாலு படம் எடுக்க நேரம் இருந்தது.

கடற்கரையில் ஒன்றரை மணி நேரம் நின்ற லென்ஸின் முன்கண்ணாடியில் உப்புப் படலம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த துணியால் துடைத்தால் உப்புக் கல்லே கீறும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சை அழுத்தாமல் ஒரே திசையில் இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் புதுப் பஞ்சு எடுக்க வேண்டும். தாங்கியின் எதிர்எடைத் தண்டுக்கு எண்ணெய் பூசாமல் பையில் போட்டால் மாங்குளம் போய்ச் சேர்வதற்குள் துருப் பிடிக்கும்.